புகைமூட்டம் வருமுன் நிருபர்களோடு பழகிக்கொள்வது எப்படி? (பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு)

பந்தாய்வாசி:

வணக்கம். கோலாலம்பூரில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில், காற்று மாசும் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரலும் பற்றி வேலை செய்யும் சிறு குழு எங்களுடையது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, புகைமூட்டம் எழுந்தால் நிருபர்கள் பேட்டிக்கு ஆள் தேடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அதற்கு இப்போதே என்ன செய்யலாம்?

யாரிடம் தொடங்குவது? அச்சாகும் முன் செய்தியைப் படித்துப் பார்க்கக் கேட்கலாமா? பல்கலைக்கழக அனுமதி எதற்கெல்லாம் வேண்டும்? அறிவியலுக்கென்று தனி ஆள் இல்லாத தமிழ் நாளேடுகளுக்கு எப்படிக் கொடுத்தால் பிழையில்லாமல் வரும்? குழுவில் இருவர் பேட்டி என்றாலே ஒதுங்குகிறார்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்று ஆகிவிடுமோ என்ற பயம். அதற்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

செய்திமேசை:

வணக்கம் டாக்டர். தலைமை ஆசிரியரைத் தேடிப் போக வேண்டாம், நிருபரிடமே தொடங்குங்கள். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் மூன்றையும் இரண்டு வாரம் விடாமல் படித்து, பள்ளி, சுகாதாரம், சுற்றுச்சூழல் செய்திகள் யார் பெயரில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம் மலேசியா போன்ற இணைய ஊடகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவை மட்டும் மறந்துவிடாதீர்கள். அங்கே வந்த செய்தியைப் பல பத்திரிகைகள் எடுத்துப் போடும், அதனால் பெர்னாமா நிருபர் ஒருவருக்கு ஒரு மணி நேரம் விளக்கினால் அது பல இடங்களுக்குப் போய்ச் சேரும்.

முதல் தகவல் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆறு வரிக்குள் இருக்கட்டும். உங்கள் பெயரும் பட்டமும் தமிழில் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே எழுதிக் கொடுங்கள். எதைப் பற்றிப் பேசுவீர்கள், எதைப் பற்றிப் பேசமாட்டீர்கள், எந்தெந்த மொழியில், எந்த நேரத்தில் கிடைப்பீர்கள், நீங்கள் வகுப்பில் இருந்தால் யாரைக் கேட்பது என்பதும் அதில் வேண்டும். அந்தத் தகவலில் “செய்தி போடுங்கள்” என்று கேட்காதீர்கள். பேசமாட்டேன் என்று நீங்கள் சொல்லும் பகுதிதான் நிருபருக்கு நம்பிக்கை தரும். எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறவரை இரண்டாம் முறை கூப்பிட யோசிப்பார்கள்.

அடுத்தது நேரம். நாளேட்டில் காலையில் செய்திப் பட்டியல் போட்டு, மாலையில் பக்கத்தை மூடியாக வேண்டும். வடக்கே பினாங்கு, கெடாவுக்கும் தெற்கே ஜொகூருக்கும் லாரி கிளம்ப வேண்டுமே. அதனால் புதிதாக ஒன்று சொல்வதென்றால் காலை 11 மணிக்குள் சொல்லிவிடுங்கள். நிருபர் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பதில் போகட்டும். “இது என் துறை இல்லை, இன்னாரைக் கேளுங்கள்” என்பதும் பதில்தான். எவ்வளவு ஆழமான விளக்கமாக இருந்தாலும், நாளைக்கு வந்தால் இன்றைய பக்கத்துக்கு உதவாது. கல்வியாளர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்து, சொல்லும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்கள்.

பத்திரிகை அறிக்கை எழுதும்போது 300 முதல் 350 சொல் போதும். வேர்ட் கோப்பாக, யூனிகோடில் அனுப்புங்கள். தமிழ் பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டினால் எழுத்துகள் உடையும், கொம்பும் காலும் இடம் மாறும். அதைச் சரிசெய்துகொண்டு உட்கார யாருக்கும் நேரமில்லை, அறிக்கை அப்படியே கிடந்துவிடும். படம் அகலவாக்கில், 1 எம்பிக்குக் குறையாமல், புலனத்தில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக (சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்). படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் துணையாசிரியர் செய்தியை அடியிலிருந்து வெட்டுவார். கல்வியாளர்களோ வழக்கமாக “இந்த ஆய்வின் வரம்புகள்” என்பதைக் கடைசிப் பத்தியில் வைக்கிறார்கள், வெட்டு முதலில் விழுவதும் அங்கேதான். பிறகு “நாங்கள் எச்சரிக்கையோடுதானே சொன்னோம்” என்று வருந்திப் பயனில்லை. எண்ணையும் வரம்பையும் ஒரே வாக்கியத்தில் பின்னிவிடுங்கள். “கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சில பள்ளிகளில் மட்டும் எடுத்த அளவீட்டின்படி…” என்று தொடங்கும் வாக்கியத்திலிருந்து வரம்பைத் தனியாக வெட்டியெடுக்க முடியாது.

எண்களை எப்படிக் கொடுப்பது என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 7.3 விழுக்காடு, 2020-இல் 6.7 விழுக்காடு. இதையே “0.6 விழுக்காட்டுப் புள்ளி சரிவு” என்றும் எழுதலாம், “இந்தியர் பங்கு 8 விழுக்காடு குறைந்தது” என்றும் எழுதலாம். இரண்டும் கணக்கில் சரி. ஆனால் “இந்தியர் எண்ணிக்கை 8 விழுக்காடு குறைந்தது” என்று தலைப்பு வந்தால் அது தவறு. தலைக்கணக்கு சுமார் 19 லட்சத்திலிருந்து சுமார் 20 லட்சமாகக் கூடித்தான் இருக்கிறது, குறைந்தது பங்கு மட்டுமே. இதில் எந்த வாக்கியம் அச்சாக வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுக்காவிட்டால், மாலை ஐந்து மணிக்கு மூன்று செய்தியைக் கையில் வைத்திருப்பவர்தான் அதை முடிவு செய்வார். அட்டவணையை மட்டும் அனுப்பிவிட்டு, வந்த தலைப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தலைப்பை நிருபர் எழுதுவதில்லை, மேசையில் இருக்கும் துணையாசிரியர் எழுதுகிறார். அறிக்கையின் மேலே ஐந்தாறு சொல்லில் இரண்டு தலைப்புகளை எழுதி வைத்தால் பெரும்பாலும் அதைத் தழுவியே வரும்.

மிண்டன்காரர்:

பினாங்கிலிருந்து, உங்கள் துறைக்கு நெருக்கமான சில விஷயங்கள். புகைமூட்டச் செய்தியில் குழப்பம் வருவது பெரும்பாலும் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) அளவில்தான். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் ஐபியு மணிக்கு ஒரு முறை மாறினாலும், பிஎம் 2.5 நுண்துகளுக்கு அதன் பின்னால் இருப்பது 24 மணி நேரச் சராசரி. கைப்பேசிச் செயலிகள் பல அமெரிக்கக் குறியீட்டில், அந்தந்த நேர அளவைக் காட்டுகின்றன. காலையில் திடீரென்று புகை ஏறினால் செயலி உடனே உயரும், ஐபியு மெதுவாகத்தான் ஏறும். புகை கலைந்த பிறகும் ஐபியு உடனே இறங்காது. நிருபர் இரண்டையும் திரைப்பிடிப்பு எடுத்துவந்து “ஏன் அரசாங்கக் கணக்கு குறைவு?” என்று கேட்பார். அதற்கு “ஒன்று ஒரு நாள் சராசரி, மற்றது இந்த நேரத்து அளவு, குறியீட்டு முறையும் வேறு” என்று இரண்டு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்க வேண்டும். அதில் பத்து நிமிட விரிவுரை தொடங்கினால் “அரசாங்கம் மறைக்கிறது” என்ற தலைப்புக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். 2005 ஆகஸ்ட் வரை சில ஆண்டுகள் இந்த அளவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமலே இருந்தன, அதனால் மூத்த நிருபர்களுக்கு இதில் சந்தேகம் எழுவது இயல்பு. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

எந்த அளவைச் சொன்னாலும் நிலையம், நேரம், குறியீடு மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். பினாங்கில் மிண்டன், பாலிக் பூலாவ், செபராங் ஜெயா என்று தனித்தனி நிலையங்கள், உங்கள் பக்கம் பத்து மூடா, செராஸ். “பினாங்கில் ஐபியு இவ்வளவு” என்று மொட்டையாகச் சொன்னால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போய்விடும். கூடவே படிநிலையையும் ஒரே வரியில் கொடுங்கள்: 50 வரை நன்று, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் ஆபத்தானது. 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பக்கத்தில் வைத்தால் வாசகருக்கு அளவு புரியும்.

மைக்ரோகிராமில் பேசினால் இன்னும் கவனம் வேண்டும். பிஎம் 2.5-க்கு 24 மணி நேர மலேசிய வரம்பு கன மீட்டருக்கு 35, உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது 15. ஒரு வகுப்பறையில் 28 வந்தால் “வரம்புக்குள்” என்பதும் உண்மை, “உலக அளவுகோலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு” என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதை வேறொருவர் சொல்லி உங்களை மறுப்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சேருங்கள். நிருபருக்கு வேண்டியதும் அந்தக் கடைசிப் பகுதிதான்.

ஆய்வுக் கட்டுரை இதழில் வரப்போகிறதென்றால் எம்பார்கோவை (இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற தடையை) முதலில் பாருங்கள். நேச்சர் இதழின் தடை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு விலகும். நமக்கு அது அங்குள்ள கோடைக்காலத்தில் இரவு 11, குளிர்காலத்தில் நள்ளிரவு. சயன்ஸ் இதழுக்கு அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் வியாழன் பிற்பகல் 2, நமக்கு வெள்ளி அதிகாலை 2 அல்லது 3. அந்த நேரத்தில் நம்மூர் அச்சுப் பக்கங்கள் மூடியிருக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நிருபரிடம் கொடுங்கள். ஆனால் “இந்தத் தேதி, மலேசிய நேரம் இத்தனை மணிக்கு முன் வெளியிடக் கூடாது” என்று முதல் வரியில் எழுதி, “சம்மதம்” என்று பதில் வந்த பிறகுதான் கோப்பை அனுப்ப வேண்டும். கோப்பை அனுப்பிவிட்டுப் பிறகு நிபந்தனை போட்டால் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஊடகத்தொடர்புப் பிரிவு:

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு 2000-ஆம் ஆண்டின் சட்டம் 605 (சட்டபூர்வ அமைப்புகளின் ஒழுங்கு, தண்டத்தொகைச் சட்டம்) பொருந்தும். அரசாங்கத்தின் அல்லது நிறுவனத்தின் கொள்கைக்குக் குந்தகமான பொது அறிக்கைகளை அதன் ஒழுங்கு விதிகள் தடுக்கின்றன. உங்கள் ஆய்வு என்ன சொல்கிறது என்று விளக்குவது வேறு, அமைச்சின் முடிவு சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது வேறு. “பள்ளியை ஐபியு 200-க்கே மூடுவது சரியா?” என்று நிருபர் கேட்டால், “இந்த அளவில் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் இன்னது நடக்கிறது, முடிவெடுப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்” என்று ஆய்வுக்குள்ளேயே நின்று பதில் சொல்லலாம்.

பேட்டி வந்த பிறகு அனுமதி கேட்டு ஓடாதீர்கள், நிருபரின் நேரம் அதற்குள் போய்விடும். ஏப்ரல், மே மாதத்திலேயே துறைத்தலைவர் வழியாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். குழுவின் பேச்சாளர்கள் இருவர், பேசும் தலைப்புகள், பேசாத தலைப்புகள், பருவக்காலம் முழுவதுக்கும் ஒரே அனுமதி. இப்படிப் பொதுவாக வாங்கி வைத்தால் அன்றன்றைக்கு எங்களுக்குப் புலனத்தில் ஒரு வரி தகவல் சொன்னாலே போதும். எங்கள் பக்கமும் குறை உண்டு. அறிக்கையைப் பல கை மாற்றித் திருத்தி, முதல் பத்தி முழுக்கத் துணைவேந்தர் பெயரும் பட்டங்களும் நிரம்பி வருவதை நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட அறிக்கையை எந்த மேசையும் எடுக்காது.

கூட்டு ஆய்வில் அரசாங்கத் துறையிடமிருந்து வாங்கிய தரவு இருந்தால் அதன் மேல் ‘சுலிட்’ (இரகசியம்), ‘தெர்ஹாட்’ (வரையறுக்கப்பட்டது) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1972 அதிகாரத்துவ இரகசியச் சட்டம் குறுக்கே வரும், நிருபருக்கு ஒரு பக்கம்கூட அனுப்பாதீர்கள். “என் பெயர் வேண்டாம்” என்று பேசினால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். 2010-இன் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் தரப்பிடம் சொல்பவர்களுக்கானது, பத்திரிகையிடம் சொல்பவர்களுக்கு இல்லை. ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுமுன் சட்டப் பிரிவைக் கேளுங்கள், 1957 அவதூறுச் சட்டம் கல்வியாளருக்கும் பொருந்தும்.

பந்தாய்வாசி:

மிக்க நன்றி. வரம்பை எண்ணோடு பின்னுவது எங்களுக்கு உடனே உதவும். முன்கூட்டிப் படித்துப் பார்ப்பது பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே? வானொலியிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது?

செய்திமேசை:

முழுச் செய்தியையும் அனுப்பச் சொல்லாதீர்கள். அதைக் கேட்டாலே தணிக்கை செய்யப் பார்க்கிறார் என்ற எண்ணம் வந்துவிடும். பேட்டி தொடங்கும்போதே “நான் சொன்னதாக வரும் வரிகளையும் எண்களையும் மட்டும் படித்துக் காட்ட முடியுமா? அரை மணியில் பதில் தருகிறேன்” என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். அரை மணி என்று சொன்னால் அரை மணிதான். பிழையை மட்டும் திருத்துங்கள், நடையைத் தொடாதீர்கள். பேச்சுத்தமிழில் சொன்னதை ஆய்வேட்டுத் தமிழாக மாற்றி அனுப்பினால் அடுத்த முறை படித்துக் காட்டமாட்டார்.

பெயர் போடாமல் பின்னணிக்காகப் பேசுவதென்றால் பேசுமுன் தெளிவாகச் சொல்லி, அவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பேசி முடித்துவிட்டு “இதைப் போட்டுவிடாதீர்கள் தம்பி” என்பது செல்லாது.

மிண்டன்காரர்:

செய்திமேசை சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு. ஞாயிறு பதிப்பின் நீண்ட கட்டுரைகளுக்கு, செய்முறையை விளக்கும் பத்திகளை மட்டும் சரிபார்க்க அனுப்பும் எழுத்தாளர்கள் உண்டு, அங்கே கேட்பதில் தவறில்லை. முழுக் கட்டுப்பாடும் வேண்டுமென்றால் நீங்களே எழுதுங்கள். 2011-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய தி கான்வர்சேஷன் தளத்தில் எழுதுகிறவர் கல்வியாளர், திருத்துகிறவர் இதழாசிரியர், உங்கள் ஒப்புதல் இல்லாமல் கட்டுரை வெளிவராது. மற்ற ஊடகங்கள் அதை இலவசமாக மறுபதிப்புச் செய்யலாம். தமிழ் நாளேடுகளின் ஞாயிறு பக்கங்களுக்கும் 600, 700 சொல்லில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

ஒலிக்கூடம்:

மின்னல் எஃப்எம், ராகா என்று எந்த வானொலியாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நேரலையா, பதிவா? எத்தனை நிமிடம்? நேரலை என்றால் மூன்று செய்திக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். முதல் பதிலிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுங்கள், இடையில் போக்குவரத்து அறிவிப்பு வந்து நேரம் சுருங்கிவிடலாம்.

செய்திக்குக் குரல்பதிவு கேட்டால் ஒரு பதிலுக்கு ஒரு பதிவு, 20 முதல் 25 வினாடி. கேள்வியை வெட்டிவிடுவோம், ஆகவே “ஆமாம், அது வந்து…” என்று தொடங்கினால் பயன்படாது. “புகைமூட்டம் 100-ஐத் தாண்டிய நாளில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள்…” என்று முழு வாக்கியமாகத் தொடங்குங்கள். மின்விசிறி, குளிர்சாதனம் இரண்டையும் அணைத்துவிடுங்கள், அல்லது நிறுத்திய காரில் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுங்கள். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். எண்ணைத் தோராயமாக்கிச் சொல்லுங்கள். “28.4” காதில் நிற்காது, “கிட்டத்தட்ட இரண்டு மடங்கு” நிற்கும்.

பந்தாய்வாசி:

கடைசியாக ஒன்று. தவறாக வந்துவிட்டால்? குழுவில் ஒதுங்குகிறவர்களின் பயமே அதுதான்.

செய்திமேசை:

முதலில், வந்தது தவறா அல்லது உங்களுக்குப் பிடிக்காத அழுத்தமா என்று பிரித்துப் பாருங்கள். எண், பெயர், பட்டம், சொல்லாததைச் சொன்னதாக எழுதியது, இவையெல்லாம் தவறு. உங்களுக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாம் பத்தியில் வந்தது தவறில்லை, அதை விட்டுவிடுங்கள்.

தவறென்றால் காலையிலேயே நிருபரைக் கூப்பிடுங்கள். வந்த வரி, வர வேண்டிய வரி, ஆதாரம், மூன்றையும் நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். இணையத்தில் அன்றே மாற்ற முடியும், அச்சுக்குத் திருத்தக் குறிப்பு கேட்கலாம். தலைப்பு தவறென்றால் நிருபர் மேல் பாயாமல் செய்தி ஆசிரியருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2025-இல் நிறைவேறிய மலேசிய ஊடக மன்றச் சட்டத்தில் புகார்களுக்கு வழி இருக்கிறது. முகநூலில் முதலில் போட்டுத் திட்டுவதும், துணைவேந்தருக்கு நகல் வைத்துக் கடிதம் எழுதுவதும் அந்த நிருபரை மட்டுமல்ல, அவர் மேசையையே உங்களிடமிருந்து விலக்கிவிடும்.

ஒதுங்குகிற அந்த இருவரை முதலில் பேட்டிக்கு அனுப்பாதீர்கள், பின்னணி விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகையில்லாத ஒரு மாதத்தில் நான்கைந்து நிருபர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழையுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். நுண்துகள் வடிதாள்களில் புதியது ஒன்றையும், கருவியில் 24 மணி நேரம் ஓடியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், ஐபியு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று ஒரு தாள் கொடுங்கள். தேநீரும் வடையும் இருக்கலாம், பணம் வைத்த உறை வேண்டவே வேண்டாம். அன்றைக்குச் செய்தி எதுவும் வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஜூலையில் புகை ஏறும் நாளில் அந்த நிருபர் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

செமஸ்டர் விடுமுறைத் தேதிகளையும் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். விடுமுறையில் யார் கைப்பேசி எடுப்பார் என்ற பெயரோடு.